உலர்ந்தால்தான் காப்பு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரகடம் சந்திப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் கன்டெய்னர் லாரிகளை எண்ணி மாளாது. நீலம், பச்சை, செங்கல் நிறம், சாம்பல் என்று கப்பல் கம்பெனிக்கு ஒரு வண்ணம். அந்த வண்ணத்துக்கு அடியில் இருக்கும் தகடு பெரும்பாலும் ‘கார்டென்’ வகை எஃகு. பெயின்ட் அடிக்காமல் வெயிலிலும் மழையிலும் விட்டுவிடலாம் என்பதுதான் உலகெங்கும் இந்த எஃகுக்குப் புகழ். அமெரிக்காவின் மொலின் என்ற ஊரில் ஜான் டீர் டிராக்டர் நிறுவனத்தின் தலைமையகம் 1964-இல் திறக்கப்பட்டது. ஈரோ சாரினன் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வெளித்தூண்களிலும் உத்திரங்களிலும் பெயின்ட் கிடையாது. துருவின் கரும்பழுப்பு நிறத்திலேயே அவை நிற்கின்றன.

பெயின்டே வேண்டாத எஃகு என்றால், கன்டெய்னருக்கு மட்டும் எதற்காக ப்ரைமர், நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று இத்தனை?

துருவைத் தடுக்கும் குணம் எஃகுக்குள் பாதிதான் இருக்கிறது. மறுபாதி, அந்த எஃகு நிற்கும் இடத்தின் காற்றில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஆலை கட்டுகிறவர்களுக்கும், அங்கிருந்து எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் இது ஏட்டுச் செய்தி அல்ல. ஒரே தகடு, ஐம்பது அறுபது கிலோமீட்டர் இடைவெளியில், ஓரிடத்தில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இன்னோரிடத்தில் அடுக்கடுக்காக உரிந்து விழும்.

இந்த எஃகைப் பொறியாளர்கள் வெதரிங் ஸ்டீல் என்பார்கள். நாம் வானிலை எஃகு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் யூ.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1933-இல் கார்டென் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் பயன்பட்டது நிலக்கரி ஏற்றும் ரயில் வேகன்களுக்கு. சாதாரண எஃகோடு கால் முதல் அரை சதவீதம் செம்பு, 0.3 முதல் 1.25 சதவீதம் குரோமியம், 0.07 முதல் 0.15 சதவீதம் பாஸ்பரஸ், இவற்றோடு சிறிது சிலிக்கானும் நிக்கலும். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது. எவர்சில்வரில் குரோமியம் மட்டுமே குறைந்தது பத்தரை சதவீதம் இருக்க வேண்டும். எவர்சில்வர் துருவுக்கு இடமே கொடுப்பதில்லை. வானிலை எஃகு துருப்பிடிக்கிறது. அந்தத் துருவையே காப்பாக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் இருப்பது இந்தக் கலப்பின் அளவால்தான்.

துருவே எப்படிக் காப்பாகும்? அதற்குத் துரு உண்டாகும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும். ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரையும். பக்கத்துப் புள்ளியில், காற்றிலிருந்து கரைந்து வந்த ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். உலோகத்தின் வழியே எலக்ட்ரான் ஓட்டம், நீரின் வழியே அயனி ஓட்டம், சுற்று முழுமையாகிவிட்டது. இந்த மின்வேதி நிகழ்வுக்குத்தான் அரிமானம் என்று பெயர். கரைந்த இரும்பு, ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து படியும் பொருள்தான் துரு.

துரு ஒரே பொருள் அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். முதலில் உண்டாவது பெரும்பாலும் லெப்பிடோகுரோசைட் என்ற ஆரஞ்சு நிறத் துரு. இதை இளந்துரு என்போம். இது நிலையில்லாதது. கேம்பிரிட்ஜில் அரிமான ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான யூ. ஆர். எவன்ஸ், இந்த இளந்துருவின் விந்தையான நடத்தையை விளக்கினார். நனைந்த நேரத்தில் ஆக்சிஜன் செய்யும் வேலையை இளந்துருவே செய்கிறது. அதுவே எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, கீழே இரும்பு கரைகிறது. உலரும் நேரத்தில் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து, துருவை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுத்த மழையில் அதே கதை. அதாவது இளந்துரு இரும்பை மூடுவதோடு நிற்பதில்லை, அதைத் தின்பதற்குத் துணையும் போகிறது.

ஆனால் நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. இளந்துருவில் ஒரு பகுதி மெல்லக் கோயத்தைட் என்ற வேறொரு படிக வடிவுக்கு மாறுகிறது. இது முதிர்துரு. இது எலக்ட்ரான்களை எளிதில் வாங்காது. நீரில் மறுபடி கரையவும் மறுக்கும். போதிய முதிர்துரு சேர்ந்துவிட்டால் அடியிலிருக்கும் இரும்பு கிட்டத்தட்டத் தனித்துவிடப்படும். புண் ஆறும்போது மேலே கட்டும் பொருக்கு இப்படித்தான். காற்றுப் பட்டு உலர்ந்தால் இறுகி, கீழே தோல் வளர இடம் கொடுக்கும். நாளெல்லாம் நனைந்துகொண்டிருந்தால் ஊறி உரிந்துபோகும்.

சாதாரண எஃகிலும் முதிர்துரு உண்டாகத்தான் செய்கிறது. அதன் படிகங்கள் பருத்து, இடையிடையே விரிசலும் துளையுமாக இருப்பதால் நீரும் ஆக்சிஜனும் புகுந்துவிடுகின்றன. வானிலை எஃகில் குரோமியம் முதிர்துருவின் படிகங்களுக்குள்ளேயே இடம்பிடித்து, அவற்றை மிக நுண்ணியதாக வைத்திருக்கிறது. செம்பும் பாஸ்பரஸும் துருவின் அடிப்பகுதியில் சேர்ந்து அதை நெருக்கமாக்குகின்றன. குரோமியம் சேர்ந்த முதிர்துரு, எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகளை உள்ளே விடாமல் தள்ளும் தன்மையையும் பெறுகிறது. உப்பைத் தடுக்க அதற்கே ஓரளவு வலு உண்டு. ஓரளவுதான்.

பாஸ்பரஸின் இந்த வேலை புதிதல்ல. தில்லி குதுப் வளாகத்தில் குப்தர் காலத்து இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் ஒரு முக்கியக் காரணம் என்று ஐ.ஐ.டி. கான்பூரின் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்தத் தூணுக்குத் தில்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெடுநாள் வெளியில் கிடந்த வானிலை எஃகைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியால் பார்த்தார்கள். துரு இரண்டு அடுக்காகத் தெரிந்தது. வெளியடுக்கு ஒளிர்ந்தது. உலோகத்தை ஒட்டிய உள்ளடுக்கு ஒரே சீராக இருண்டு கிடந்தது. பருத்த படிகங்கள் அந்த ஒளியில் மின்னும். மிக நுண்ணிய படிகங்கள் நெருங்கிக் கிடக்கும் இடம் இருளாகத் தெரியும். சாதாரண எஃகில் அந்த இருண்ட பகுதி தொடர்ச்சியாக இல்லாமல், ஒளிரும் பகுதியோடு கலந்து திட்டுத்திட்டாக இருந்தது. காக்கும் அடுக்கு எங்கே இருக்கிறது என்பதை முதலில் காட்டியது இந்த எளிய சோதனை. பிறகு எக்ஸ்-கதிர்கள் வந்தன. 1994-இல் யமாஷிதா, மிசாவா குழுவினர் கால் நூற்றாண்டு வெளியில் நின்ற வானிலை எஃகின் துருவை ஆராய்ந்து, இளந்துரு முதிர்துருவாக மாறுவதற்கு ஆண்டுகள் பல ஆகும் என்பதையும், முதிர்துருவில் குரோமியம் செறிந்திருப்பதையும் எடுத்துக் காட்டினார்கள்.

இன்னொரு சோதனை இதைவிட எளியது; எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். உள்ளங்கை அகலத் தகடுகளை எடைபோட்டு, சாய்வான சட்டத்தில் வெட்டவெளியில் பொருத்திவிடுவார்கள். ஓராண்டு, ஈராண்டு, நான்காண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, உலோகத்தை விட்டுவிட்டுத் துருவை மட்டும் கரைக்கும் அமிலக் கரைசலில் கழுவி, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடையிலிருந்து எத்தனை மைக்ரான் தடிமன் போனது என்று கணக்கு வந்துவிடும். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் ஆண்டில் போன தடிமனைப் போல, நான்காண்டு முடிவில் எத்தனை மடங்கு போயிருக்கிறது? இரண்டு மடங்குக்கு அருகில் இருந்தால் துரு தன்னைத் தானே தடுத்துக்கொண்டிருக்கிறது. நான்கு மடங்கு போயிருந்தால் துரு எதையும் காக்கவில்லை. முதல் நாள் தின்ற வேகத்திலேயே இன்றும் தின்றுகொண்டிருக்கிறது.

இந்தத் துறையில் நமக்குச் சொந்தமாக ஒரு பெரிய மையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்தான் அது. சிக்ரி என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவின் அரிமான வரைபடத்தை வெளியிட்டவர்கள் அவர்கள்தான். மென்எஃகு, துத்தநாகம், துத்தநாகம் பூசிய இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் தகடுகளை நாட்டின் பத்து இடங்களில் வெளியில் வைத்து அளந்த அவர்களது ஆய்வு 2006-இல் வெளியானது. மண்டபம் கடற்கரையில் அவர்களது சோதனைக் களம், உலோகத்துக்கு மிகக் கடுமையான இடங்களில் ஒன்று. அதே கடலின் மேல் 1914-இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றியது ஓயாத பராமரிப்பு. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் எஃகுக்குப் பாலிசிலோக்சேன் என்ற உயர்தரப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் எந்த எஃகையும் வெறும் உடம்போடு நிறுத்த ஒருவரும் துணியவில்லை. அதுதான் சரி.

கடல் காற்று ஏன் இத்தனை கெடுதல் செய்கிறது? உப்பு இரும்பைத் தின்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதைவிடப் பெரிய கெடுதலை உப்பு வேறு விதத்தில் செய்கிறது: அது துருவை உலர விடுவதில்லை. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு நீர்த்துப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். சென்னைக் கரையோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். எனவே உப்புப் படிந்த எஃகு, மழையே பெய்யாத மாசியிலும் பங்குனியிலும்கூட நனைந்தபடியே இருக்கிறது. நம் கண்ணுக்கு உலர்ந்த தகடாகத் தெரியும். துருவுக்குள் ஈரம் போயிருக்காது. உலராத துரு முதிர்வதில்லை. அதோடு, குளோரைடு மிகுந்த ஈரத்தில் அககனைட் என்ற மூன்றாவது வகைத் துரு உண்டாகிறது. இந்த உப்புத்துருவின் படிகத்தில் இயல்பாகவே நுண்குழாய்கள் உண்டு. குளோரைடு அதற்குள் போய்த் தங்கிவிடும். பிறகு மேலாகக் கழுவினாலும் போகாது. துரு பாளம் பாளமாக உப்பி உரியும், புது இரும்பு வெளியே தெரியும், மறுபடி முதலிலிருந்து.

ஜப்பான் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் உப்புப் படியும் இடத்தில் வழக்கமான வானிலை எஃகைப் பெயின்ட் இல்லாமல் பாலத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அலை மோதும் கரையில் இந்த அளவு நூற்றுக்கணக்கான மில்லிகிராமுக்குப் போகும்.

இப்போது நம் வரைபடத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வங்கக் கடலிலிருந்து நேர்கோட்டில் முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. பிற்பகல் கடற்காற்று அவ்வளவு தூரமும் வருகிறது. ஆனால் காற்று வருவதும் உப்பு வருவதும் ஒன்றல்ல. அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துளிகளில் பெரியவை கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளும், மீதியில் பெரும்பங்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளும் விழுந்துவிடும். உள்நாட்டுக்கு வந்து சேர்வது நுண்ணிய மிச்சம். அதோடு, ஆனி மாதத்து மேற்குக் காற்றும் கத்திரி வெயிலும் துருவை நன்றாக உலர்த்திக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து நேரே அடித்தாலும், கூடவே வரும் மழை கழுவியும் விடுகிறது. வானிலை எஃகுக்கு ஒரகடம் ஒத்துக்கொள்ளக்கூடிய ஊர்.

அங்கிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து மீஞ்சூர் போய் இறங்குங்கள். எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் அனல்மின் நிலையங்களும், சற்றுத் தெற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டையாக்சைடு எஃகின் ஈரப்படலத்தில் கரைந்து அமிலமாகிறது. கந்தக வாயு தனியாக, அளவாக இருந்தால் வானிலை எஃகின் துரு இறுகுவதை அது விரைவுபடுத்தவே செய்யும். சுத்தமான கிராமத்துக் காற்றைவிட மிதமான தொழில்நகரக் காற்றில் காப்பு சீக்கிரம் அமைவதைத் தகட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உப்போடு சேரும்போதுதான் எல்லாம் தலைகீழாகிறது. கரையோரத் தொழிற்பகுதி, கரையும் அல்லாமல் தொழிற்பகுதியும் அல்லாமல் இரண்டின் கெடுதலையும் பெருக்கிய ஒரு மூன்றாவது சூழல். சாதாரண எஃகு முதல் ஆண்டில் எத்தனை மைக்ரான் இழக்கிறது என்பதை வைத்துப் பன்னாட்டுத் தரநிலை ஊர்களைப் பிரிக்கிறது. 25 முதல் 50 மைக்ரான் வரை போனால் நடுத்தரம். 80 முதல் 200 வரை போனால் மிகக் கடுமை. அதற்கும் மேலே ஒரு வகுப்பு உண்டு.

கன்டெய்னர் புதிர் இங்கே அவிழ்கிறது. அதன் பக்கச்சுவர்த் தகடு சுமார் 1.6 மில்லிமீட்டர்தான். வாழ்நாளெல்லாம் கப்பல் தளத்திலும் துறைமுக முற்றத்திலும் உப்புக் காற்றில் கிடப்பது. அங்கே காக்கும் துரு கட்டாது. கட்டும்வரை இழக்கவும் தகட்டில் தடிமன் இல்லை. அப்படியானால் சாதாரண எஃகையே போட்டுப் பெயின்ட் அடிக்கலாமே? அதற்கும் காரணம் உண்டு. கிரேன் உரசி, பக்கத்துப் பெட்டி இடித்துப் பெயின்ட் கீறும் இடத்தில் சாதாரண எஃகு என்றால் துரு பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து பரவி அதை உப்பவைக்கும். வானிலை எஃகில் கீறலின் துரு அடர்த்தியாகி, பரவுவது மட்டுப்படும். பெயின்ட் உப்பைத் தடுக்கிறது; எஃகு பெயின்டின் காயத்தைச் சின்னதாக வைத்திருக்கிறது. கடலோரத்தில் வானிலை எஃகைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் இப்படித்தான்.

இந்தப் பாடத்தைப் பெருஞ்செலவில் கற்றவர்கள் உண்டு. ஹொனலூலு நகரில் 1975-இல் திறந்த அலோஹா விளையாட்டரங்கம் பெயின்ட் இல்லாத வானிலை எஃகால் கட்டப்பட்டது. பசிபிக் கடலின் உப்புக் காற்றில் காப்பு அமையவே இல்லை. பிறகு ஆண்டுக்கணக்கில் பழுதுபார்ப்பும் பெயின்ட் வேலையும் நடந்தன. கடைசியில் 2020-இல், பார்வையாளர்களோடு நிகழ்ச்சிகள் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

நம் ஊர் உதாரணம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இன் பழைய வடிவ ரயில் பெட்டி. 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் பெட்டி உடலுக்கு, ஐ.ஆர்.எஸ்.எம்-41 என்ற ரயில்வே தரக்குறியீட்டின்படி, வானிலை எஃகு பயன்பட்டது, பெயின்டும் உண்டு. அப்படியும் பணிமனையில் பிரித்துப் பார்த்தால் துரு தின்ற இடங்கள் எங்கே? கூரையிலோ, வெயில் படும் பக்கச்சுவரின் நடுவிலோ அதிகம் இல்லை. கழிப்பறைத் தரைக்கு அடியில், வாசல் ஓரத்தில், தண்ணீர் வடியாமல் தங்கும் தரைத்தகட்டு மடிப்புகளில். அதே எஃகு, அதே பெட்டி. தண்ணீர் நின்ற இடம் மட்டும் போயிற்று. 2018 ஜனவரியில் ஐ.சி.எஃப். அந்த வடிவத்தை நிறுத்திவிட்டு, எவர்சில்வர் உடல் கொண்ட எல்.எச்.பி. பெட்டிகளுக்கு முழுதாக மாறியது.

அந்தப் பெட்டியின் பாடம் ஒரகடத்து ஆலைக்கும் பொருந்தும். உப்பு கடலிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு மட்டும் பின்தங்கும். சுற்றி வரும் நீரில் உப்பின் செறிவு சில மடங்கு ஏறிவிடும். அந்த நீரின் நுண்துளிகள் விசிறிக் காற்றோடு வெளியேறி, காற்று வீசும் பக்கத்துக் கூரையிலும் குழாய்ப் பாலத்திலும் படியும். எஃகை அமிலத்தில் கழுவும் கூடத்தின் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி இன்னும் மோசம். கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி நிலம் வாங்கிவிட்டு, வேலிக்குள்ளேயே குளோரைடை உற்பத்தி செய்துகொள்கிறோம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2019 முதல் கோயம்பேடு நிலையத்தில் நகரத்தின் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய நிலையம் அது. ஏரியையும் ஆழ்துளைக் கிணற்றையும் காப்பாற்றும் திட்டம் என்றே அதைப் பேசுகிறோம். உப்பு நீக்கிய நீர் கூலிங் டவருக்குப் போனால் சுற்றியிருக்கும் எஃகுக்கும் அது நல்லது.

சரி, காப்பது எப்படி? கட்டுவதற்கு முன்பே அளப்பதுதான் முதல் வேலை. ஈரத்திரி முறை என்று ஒன்று இருக்கிறது: நீர் நிரம்பிய குடுவையிலிருந்து எழும் நனைந்த துணித்திரியை, மழை படாத சிறு கூரையின் கீழ் நிறுத்திவைப்பார்கள். காற்றிலுள்ள உப்பு திரியில் ஒட்டும். மாதம் ஒருமுறை நீரைச் சோதித்தால் எவ்வளவு படிந்தது என்று தெரியும். இதோடு சில எஃகுத் தகடுகளையும் ஓராண்டு வைத்தால் இரண்டு பருவக்காற்றையும் கணக்கில் கொண்டுவந்துவிடலாம். பல கோடி ரூபாய்க் கட்டுமானத்துக்கு முன்னால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. இதைச் செய்யாமல் படத்தில் பார்த்த அழகுக்காக எண்ணூரில் வெற்று வானிலை எஃகை நிறுத்துவது தவறு.

அடுத்தது வடிவமைப்பு. தண்ணீர் தேங்கும் மடிப்பு, குப்பையும் இலையும் சேரும் மூலை, மண்ணில் புதைந்த தூண் அடி, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கு, இவை நான்கும் எதிரிகள். இடுக்கில் புகுந்த ஈரம் வெளியே வராது. துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு கன அளவு; அது வளர்ந்து தகடுகளையே பிளந்து வளைக்கும், போல்ட்டையும் இழுத்து அறுக்கும். எனவே சரிவு வேண்டும், வடிதுளை வேண்டும், இடுக்குகளை வெல்டிங்கால் மூடிவிட வேண்டும். போல்ட்டும் வெல்டிங் ராடும் அதே குடும்பத்து உலோகமாக இருக்க வேண்டும். கையில் கிடைக்கிறது என்று ஜி.ஐ. போல்ட்டைப் போட்டால் அதன் துத்தநாகம் பக்கத்து எஃகுக்காகத் தன்னை இழந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். பாலத்தின் இணைப்பு ஒழுகக்கூடும் என்பதால், அந்த முனையிலிருந்து உத்திர உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்காவது பெயின்ட் அடிக்கச் சொல்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் 1989 வழிகாட்டி. பிரிட்டனில் சூழலைப் பொறுத்து ஒவ்வொரு வெளிமுகத்துக்கும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை கூடுதல் தடிமனை முன்கூட்டியே சேர்த்துவிடுவார்கள்.

மழை படும் இடம்தான் அதிகம் துருப்பிடிக்கும் என்று நினைக்கிறோம். கரையோரத்தில் அது நேர்மாறு. கூரையின் மேற்புறத்து உப்பை மழை கழுவிவிடுகிறது. அடிப்புறத்து உப்பு ஆண்டெல்லாம் அங்கேயே இருக்கிறது. தாழ்வாரத்துக்கு உள்முகம், உத்திரத்தின் கீழ்ப்பட்டை, கன்டெய்னரின் அடிவயிறு, இவைதான் முதலில் போகும். நல்ல தண்ணீரால் இவற்றை அவ்வப்போது அடித்துக் கழுவுவது, கடலோர ஆலை செய்யக்கூடிய மிக மலிவான பாதுகாப்பு. 3 சதவீதம் அளவுக்கு நிக்கல் சேர்த்த கடலோர வானிலை எஃகை ஜப்பான் 1990-களில் உருவாக்கிப் பாலங்களில் பயன்படுத்திவருகிறது. அதற்கும் உப்பின் எல்லை கொஞ்சம் விரிகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை.

எண்ணூர்க் கரை போன்ற இடத்தில் பெயின்ட்தான் வழி. அதைச் சரியாக அடிக்க வேண்டும். நம் பட்டறைகளில் எதற்கும் ரெட் ஆக்சைடு ஒரு கோட் என்பது பழக்கமாகிவிட்டது. கரையோரத் தொழிற்பகுதிக்கு அது போதவே போதாது. துத்தநாகம் செறிந்த எபாக்சி ப்ரைமர், அதன் மேல் தடித்த எபாக்சி, வெயிலைத் தாங்கப் பாலியூரித்தேன் மேல்பூச்சு என்று மூன்றடுக்கு வேண்டும். ஏற்கெனவே துருவேறிய எஃகென்றால் ஆபத்து இன்னொன்று. மணலைப் பீய்ச்சி அடித்து, அதாவது பிளாஸ்டிங் செய்து, வெள்ளையாகப் பளபளக்கும் பரப்பின் நுண்குழிகளில் குளோரைடு ஒளிந்திருக்கும். மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளிகள் திரும்பி வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மணலை எத்தனை முறை அடித்தாலும் அது போகாது. உயரழுத்த நல்ல தண்ணீரால் கழுவி, மீண்டும் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். பரப்பில் ஒரு சிறு ஒட்டுப்பையை ஒட்டி, அதற்குள் தூயநீரைச் செலுத்தி எடுத்து, அதன் மின்கடத்தலை அளந்தால் மிச்ச உப்பு தெரிந்துவிடும். பிரெஸ்லி சோதனை என்று பெயர். எஃகின் வெப்பநிலை பனிபடு நிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. மார்கழிக் காலையில் தூரிகை எடுப்பவர்கள் ஈரத்தின் மேல்தான் பெயின்ட் அடிக்கிறார்கள்.

ஒரகடம் போன்ற உள்பகுதியில் பெயின்ட் இல்லாமல் நிற்கும் வானிலை எஃகின் துரு நல்லதா கெட்டதா என்று பார்க்க ஜப்பானியர் பழக்கிய ஒரு முறை இருக்கிறது. செலவு ஒரு செல்லோடேப்தான். டேப்பைத் துருவின் மேல் அழுத்தி ஒட்டி உரிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நுண்பொடி சீராக ஒட்டி வந்தால் காப்பு நன்றாக அமைந்திருக்கிறது. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிய செதில்கள் வந்தால் கவனிக்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு மேல் பாளமாக வந்தால் அந்த இடத்தில் துரு காவலை விட்டுவிட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில், மழை படாத அடிமுகங்களிலும், போல்ட் ஜாயிண்ட் ஓரங்களிலும், கூலிங் டவரைப் பார்த்த பக்கத்திலும் இதைச் செய்து குறித்துவைக்கலாம். பாளம் வந்த இடத்தில் அல்ட்ராசோனிக் கருவியால் மிச்சத் தடிமனை அளந்துவிட்டு, பெயின்ட் வேலைக்குச் சித்திரையையும் வைகாசியையும் ஒதுக்க வேண்டும். பிளாஸ்டிங் செய்த எஃகு நன்றாக உலர்ந்திருக்கும் மாதங்கள் அவை. ஐப்பசி மழைக்கு முன்பு பூச்சு இறுகவும் நேரம் கிடைக்கும்.